டப்பாவின்மேல் ஹலால், தோப்பின் கணக்கில் என்ன?



2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையன்று ஒகேனக்கல் சென்றிருந்தோம். அருவியில் நீராடுவதற்கோ பரிசலில் ஏறுவதற்கோ அல்ல. எங்கள் குடும்பத்தின் பழைய கணக்கொன்றைத் தீர்க்க ஒருவரைத் தேடிப் போனோம். அந்தக் கணக்கைப் பின்னர் சொல்கிறோம். அதற்கு முன் அங்கே கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும்.

மீன் வறுக்கும் கடைகளைக் கடந்து ஆற்றுக்குச் செல்லும் பாதையில், பெருநாள் விடுமுறைக்காகப் பெங்களூரிலிருந்தும் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்த நம் குடும்பங்கள் நிறைந்திருந்தன. ஒரு தட்டுக்கடையில் கிளிமூக்கு மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அடுக்கியிருந்தார்கள். அதே கடையின் பனிப்பெட்டியில் மஞ்சள் நிற மாம்பழப் பான பாட்டில்கள் கிடந்தன. பிள்ளைகள் பாட்டிலையே கேட்டார்கள். வாங்கிக் கொடுக்குமுன் ஒரு தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹலால் முத்திரையைத் தேடுகிறார் என்பது புரிந்தது. அவருடைய பேணுதலை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் தண்ணீரும் சர்க்கரையும் மாங்கூழும் கலந்த ஒரு பானத்தில், அவர் தேடிய இடத்தில் ஹராம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அது இருக்கக்கூடிய இடம் வேறு. அந்த இடத்தைப் பற்றி நம் மேடைகள் பேசுவதில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் நாம் அழைக்கும் பழத்திற்கு வணிக உலகில் தோத்தாபுரி என்று பெயர். 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாமரங்களோ அந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே தோப்பாகவே நிற்கின்றன. காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டினம், பர்கூர் என்று நீளும் இந்த மண்ணும் ஆந்திரத்தின் சித்தூரும்தாம் இந்தியாவின் இரு பெரும் மாங்கூழ் வட்டாரங்கள். பருவம் ஏறத்தாழ மே முதல் ஜூலை வரை. பழம் ஆலைக்குப் போகிறது. அங்கே கழுவி, கொட்டையும் தோலும் நீக்கி, கூழாக்கி, சூடேற்றித் தகர டப்பாக்களிலும், பீப்பாய்க்குள் வைக்கும் கிருமி நீக்கிய பைகளிலும் அடைக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டு கிலோ பழத்திற்கு ஒரு கிலோ கூழ் என்பது கணக்கு. பிறகு அது கப்பலேறுகிறது. பெரும் வாடிக்கையாளர்கள் யார் என்று பாருங்கள்: சவூதி அரேபியா, யேமன், குவைத், ஐக்கிய அரபு அமீரகம், நெதர்லாந்து. ஐந்தில் நான்கு முஸ்லிம் நாடுகள். ரியாதிலும் ஸனாவிலும் நோன்பு திறக்கும் விரிப்பில் பேரீச்சம்பழத்துக்கு அருகே வைக்கப்படும் மாம்பழச் சாற்றில் பாலக்கோட்டு மரமும் இருக்கிறது.

ஆகவே இது யாரோ செய்யும் உலக வர்த்தகம் அன்று. விற்பதிலும் வாங்குவதிலும் குடிப்பதிலும் நம் சமுதாயம் இருக்கிறது. தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர்களிலும் மண்டி வைத்திருப்பவர்களிலும் ஏற்றுமதி செய்பவர்களிலும் வளைகுடாவில் இறக்குமதி நிறுவனங்களில் கணக்கெழுதுபவர்களிலும் நம்மவர் உண்டு. பிற சமுதாயத்தாரும் இதே தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. நம்மவருக்குச் சொல்லக் கடமை உண்டு.

அந்தப் பருவத்தில் நடந்தது என்ன? முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் ஆலைகளில் தேங்கியிருந்தது. விளைச்சலோ கொட்டியது. தமிழ்நாட்டு உழவர்களுக்குக் கிலோவுக்கு நான்கு ஐந்து ரூபாய் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத விலை அது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. அதில் 8 ரூபாயை ஆலைகள் தரவேண்டும், 4 ரூபாயை அரசு தரும். அதைக் காக்க, சித்தூர் மாவட்ட நிர்வாகம் பிற மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக் கூடாதென எல்லையை மூடியது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். ஜூலையில் கர்நாடகத்துக்கு மட்டும் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற அடிப்படையில், இரண்டரை இலட்சம் டன் வரை விலை வித்தியாசத்தை ஈடுசெய்ய ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. அருகருகே நிற்கும் மரங்கள், ஒரே பழம், ஒரே துறைமுகம், ஒரே ஜித்தா. விலை மட்டும் மாநிலத்துக்கு ஒன்று.

"உலகச் சந்தை அப்படி, நாங்கள் என்ன செய்வது?" என்பது வியாபாரச் சகோதரர்களின் முதல் விடை. இதில் பாதி உண்மை உண்டு, அதை மறைக்கமாட்டோம். 2019 டிசம்பரில் சவூதி அரேபியா இனிப்பூட்டிய பானங்களுக்கு 50 சதவீதக் கலால் வரி விதித்தது. 2023 நவம்பருக்குப் பின் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பெரிய கப்பல் நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போயின. வாடகை ஏறியது, நாள்கள் கூடின. ரியாதில் போடும் ஒரு கையெழுத்தும் பாபுல் மந்தப் நீரிணையில் விழும் ஓர் ஏவுகணையும் காரிமங்கலத்துத் தோப்பைத் தொடுகின்றன. உண்மைதான். ஆனால் தொட்ட அந்த நட்டம் யார் தலையில் இறங்கியது என்பதே கேள்வி. ஏற்றுமதியாளரிடம் சரக்கு டப்பாவில் இருக்கிறது, ஈராண்டு காத்திருக்கும். இறக்குமதியாளரிடம் ஒப்பந்தம் இருக்கிறது. உழவரிடம் இருப்பது மரத்தில் பழுத்த பழம், நாலைந்து நாளில் அழுகிவிடும். காத்திருக்க முடியாதவன் தலையில்தான் எல்லாருடைய நட்டமும் போய் இறங்குகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். குடிப்பதற்கு ஆயத்தமான பழ பானத்தில் பழச்சாறு குறைந்தது 10 சதவீதம் இருந்தால் போதும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. அப்படியானால் ஒரு லிட்டருக்கு நூறு கிராம் கூழ், அதற்கு இருநூறு கிராம் பழம். கிலோ ஐந்து ரூபாய் என்றால் அந்த லிட்டரில் உழவருடைய பங்கு ஒரே ஒரு ரூபாய். ஆந்திரத்தின் 12 ரூபாயையே கொடுத்தாலும் இரண்டு ரூபாய் நாற்பது காசு. ஒகேனக்கல் கரையில் அந்தப் பாட்டிலைக் குளிர்விக்கும் பனிக்கட்டிக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். உழவருக்கு நியாய விலை கொடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று நம்மிடம் சொல்பவர்கள் இந்தக் கணக்கை மறுத்துக் காட்டட்டும்.

இரண்டாவது விடைதான் எங்களை அதிகம் வருத்துவது. அது மார்க்கத்தின் பெயரால் வருகிறது. மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டினார்கள் என்றும், அல்லாஹ்வே விலையை நிர்ணயிப்பவன் எனக் கூறி நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்றும் அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி நாமெல்லாம் அறிந்தது. மண்டியில் கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களுக்கு இந்த ஒரு நபிமொழி மட்டும் மனப்பாடம். ஆனால் அதே அறிவிப்பின் பின்பகுதியை அவர்கள் ஓதுவதில்லை. எவருடைய உயிரிலோ பொருளிலோ அநீதி இழைத்ததாகத் தம்மேல் ஒரு முறையீடும் இல்லாத நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்கத் தாம் விரும்புவதாகவே நபி (ஸல்) அவர்கள் காரணம் சொன்னார்கள். அநீதிக்கு அஞ்சி அவர்கள் விலகி நின்றார்கள். நாமோ அந்தச் சொல்லையே அநீதிக்குக் கேடயமாகப் பிடிக்கிறோம். வாங்குபவர்களோ விற்பவர்களோ சிலராகச் சேர்ந்து, மற்றவர்களுக்கு வேறு வழியில்லாமல் செய்துவிட்டால், நியாயமான விலைக்கு அவர்களைக் கட்டாயப்படுத்துவது ஆட்சியாளரின் கடமை என்று இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) ஹிஸ்பா குறித்த தம் நூலில் வாதிடுகிறார்கள். கூழுக்கன்றி வேறு பெரிய சந்தை இல்லாத ஒரு பழத்தை, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆலைகள் ஒரே காலையில் ஒரே விலைக்குக் கேட்டால், அது எந்த வகையில் சேரும்?

ஒகேனக்கல்லில் பரிசல் கட்டணத்தை நிர்வாகம் நிர்ணயிக்கிறது. அதனால் பரிசல் தொழில் அழியவுமில்லை, எந்த ஆலிமும் அதை மார்க்கத்துக்கு முரணென்று சொல்லவுமில்லை. ஆற்றைக் கடக்க விலைப்பலகை வைக்கலாம், மாம்பழத்துக்குக் கூடாதா?

உலகப் பணம் இந்த ஆற்றங்கரைக்குப் புதிதன்று என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறோம். நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட இரு மாவட்ட மக்களுக்காக, ஜப்பானிய நிறுவனத்தின் கடனுதவியோடு இங்கிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. தொலைவிலுள்ள நாட்டின் பணம் இங்கே எப்படி வந்தது, எந்த நிபந்தனையில் வந்தது என்று அன்று சட்டமன்றம் வரை பேசினார்கள். நோன்பு மாதத்து ஜித்தாவின் பணம் எந்த நிபந்தனையில் இங்கே வருகிறது என்று கேட்க மட்டும் ஆளில்லை.

இனிக் குத்தகைக்கு வருவோம். எங்கள் கணக்கும் அதில்தான் இருக்கிறது.

தையில் மரம் பூத்திருப்பதைப் பார்த்து, தோப்பு முழுவதையும் ஒரு தொகைக்குப் பேசி முன்பணம் கொடுப்பது இப்பகுதியில் பழைய வழக்கம். பூவும் வராமல், இரண்டாண்டு மூன்றாண்டு விளைச்சலைச் சேர்த்துப் பேசுவதும் உண்டு. மகளுக்குத் திருமணம், மருத்துவச் செலவு, ஆழ்துளைக் கிணறு என்று உழவருக்கு நெருக்கடி வரும்போது இந்த ஒப்பந்தம் நடக்கும். "அவராகத்தானே வந்து கேட்டார்" என்பார்கள். ஆம், கேட்பார். நெருக்கடியில் இருப்பவன் வட்டிக்காரனிடமும் தானாகத்தான் போகிறான்.

பழம் பக்குவமடைவது தெரியும் முன் அதை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. பல ஆண்டுகளின் விளைச்சலை முன்கூட்டி விற்பதைத் தடுத்ததையும், பழத்துக்கு அழிவு நேர்ந்தால் அந்த அளவைத் தள்ளுபடி செய்யக் கட்டளையிட்டதையும் ஜாபிர் (ரலி) அறிவித்ததாக முஸ்லிமில் காண்கிறோம். இந்தத் தடை எங்கிருந்து வந்தது என்பதையும் ஸைத் பின் ஸாபித் (ரலி) சொல்லியிருக்கிறார்கள். மதீனாவாசிகள் காய்களை முன்கூட்டி விற்பார்கள். அறுவடையில் நோய் விழுந்தது, கருகிவிட்டது என்று வாங்கியவர் வழக்காடுவார். அந்த வழக்குகள் பெருகிய பின்பே இவ்வாறு அறிவுறுத்தப்பட்டது. பேரீச்சை மரத்தை மாமரமாக மாற்றிப் பாருங்கள். நம் மண்டிகளில் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் அதே வழக்குத்தான்.

மத்ஹபுகளுக்கிடையே இதில் நுணுக்கமான வேறுபாடுகள் உண்டு. காய் தோன்றிய பின், பக்குவமாகும் முன் விற்பது குறித்தும், அழிவின் நட்டத்தை யார் ஏற்பது என்பது குறித்தும் ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி அறிஞர்கள் பேசியவை ஒன்றல்ல. அந்த விவாதத்தில் நாங்கள் நுழையவில்லை. ஆனால் இன்னும் தோன்றாத காயை, வரப்போகும் ஆண்டுகளின் பூவை விற்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. முன்பணம் கொடுத்தே வியாபாரம் செய்ய வேண்டுமென்றால் ஸலம் இருக்கிறது: அளவு, தரம், தவணை எல்லாம் தெளிவாகப் பேசி, முழுத் தொகையையும் முதலிலேயே கொடுத்து, குறிப்பிட்ட தோப்பு என்று கட்டாமல் செய்யும் ஒப்பந்தம். மரத்தைப் பராமரித்து விளைச்சலில் பங்கு பெற வேண்டுமென்றால் கைபர்த் தோட்டங்களில் நபி (ஸல்) அவர்கள் செய்த முறை இருக்கிறது. வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்த வழிகளில் நட்டம் நம் பக்கமும் வரும். அதுதான் நமக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் தந்தையார் குத்தகை வியாபாரி. ஐவேளை தொழுகையைத் தவறவிடாதவர், ஆண்டுதோறும் ரமளானில் சரக்கு முதலைக் கணக்கிட்டு ஜகாத் கொடுத்தவர். பாலக்கோட்டுப் பக்கம் ஓர் உழவரிடம் மூன்றாண்டுக் குத்தகை பேசினார். இரண்டாம் ஆண்டு தத்துப்பூச்சி விழுந்து பூவெல்லாம் கருகியது. நட்டத்துக்கு ஈடாக முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டார். அந்த உழவரிடம் பணம் இல்லை. நான்காம், ஐந்தாம் ஆண்டு விளைச்சலை எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு ஆண்டுகளும் மரம் தாங்காமல் காய்த்தது. எங்கள் வீட்டுக்கு மாடி கட்டியது அந்தக் காலத்தில்தான். எங்களில் ஒருவர் கல்லூரியில் சேர்ந்ததும் அப்போதுதான். தந்தையார் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய பேரேட்டில் இந்த வரவைக் கண்டோம். ஓர் ஆலிமிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ஒப்பந்தமே செல்லாது, பழத்தின் அன்றைய மதிப்பில் நீங்கள் கொடுத்தது போக மீதி அந்தக் குடும்பத்துக்கு உரியது என்றார். ஜகாத் கொடுத்துவிட்டாரே என்று கேட்டோம். பிறருடைய பொருளிலிருந்து எப்படி ஜகாத் கொடுப்பது என்று திருப்பிக் கேட்டார்.

இதை எழுதுவதால் தந்தையாரை இழிவுபடுத்துகிறோம் என்று சில உறவினர்கள் வருந்தினார்கள். அவர் தவறு என்று தெரிந்து செய்தவரல்லர் என்றே நம்புகிறோம். அவர் தொழுத பள்ளியின் மிம்பரிலிருந்து, இத்தனை ஆண்டு ஜும்ஆக்களில், மாம்பழக் குத்தகையைப் பற்றி ஒரு தடவைகூட அவர் காதில் விழவில்லை. வட்டியைப் பற்றி விழுந்தது. மதுவைப் பற்றி விழுந்தது. ஊரில் பாதிப்பேர் செய்யும் தொழிலைப் பற்றி விழவில்லை. அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அத்தியாயம் தொழுகையில் ஓதப்பட்டிருக்கும். பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொள்வதும் அதில் சொல்லப்பட்டிருப்பதை, டன்னுக்கு இத்தனை கிலோ கழிவு என்று எடையில் அடித்துக்கொள்ளும் வழக்கத்தோடு சேர்த்து யாரும் விளக்கவில்லை. சந்தை விலை தெரியாமல் வரும் கிராமத்தாரை வழியிலேயே மடக்கி வாங்குவதற்குத் தடை உண்டு என்பதும், அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையறிந்த பின் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பதும் மதரஸா மாணவர்களுக்குப் பாடம். அது தோப்பு வாசலுக்கு வந்து சேரவேயில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஜமாஅத்துகளிடம் நாங்கள் கேட்பது பெரிய காரியம் அன்று. தை பிறந்து பூ விடும் முன் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசுங்கள். பருவம் தொடங்கும்போது சித்தூர் விலை, கர்நாடக விலை, நம் ஆலை வாசல் விலை மூன்றையும் பள்ளிவாசல் பலகையில் எழுதி வையுங்கள். சமுதாய வேறுபாடின்றி எந்த உழவரும் வந்து பார்க்கட்டும். ஹலால் சான்றிதழ் தரும் அமைப்புகள், கூழில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதோடு பழம் எந்த ஒப்பந்தத்தில் வாங்கப்பட்டது என்ற ஒரு கேள்வியையும் படிவத்தில் சேர்க்கட்டும். வளைகுடா இறக்குமதி நிறுவனங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் முதலாளிகளிடம் அதைக் கேட்கச் சொல்லட்டும். தம் நோன்பு பானத்தில் இருக்கும் பழத்தைப் பற்றி இப்படிக் கேட்டால் அந்த அரபு வியாபாரி கோபப்படுவார் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒகேனக்கல்லில் நாங்கள் தேடிச் சென்றது அந்த உழவரின் இளைய மகனை. தந்தை இறந்துவிட்டார். மரங்களை வெட்டி நிலத்தையும் விற்றாயிற்று. மாங்காய்க் கீற்றும் மாம்பழப் பான பாட்டிலும் ஒன்றாக வைத்து விற்றுக்கொண்டிருந்த அந்தத் தட்டுக்கடை அவருடையதுதான். விவரம் சொன்னோம். முதலில் அவருக்குப் புரியவில்லை, ஏதோ வாங்க வந்திருக்கிறோம் என்று எண்ணினார். பேரேட்டைக் காட்டியதும் தந்தையின் கைநாட்டை விரலால் தடவிப் பார்த்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தபோது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எங்கள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"எங்க அண்ணன் பாலக்கோட்டுல இருக்காரு பாய். அவரு பங்க அவருகிட்டயே குடுத்துடுங்க. அப்புறம் எங்களுக்குள்ள பேச்சு வரக் கூடாது."

புறப்படும்போது பிள்ளைகளுக்கு ஒரு மாங்காய் கேட்டோம். கீறி, மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்து, இருபது ரூபாய் என்றார். கொடுத்துவிட்டுப் பாலக்கோட்டுக்கு வண்டியைத் திருப்பினோம்.